இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் பட்ஸ்

எட்டாம் இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே டுலூத் நகரம்
பனியில் புதைந்துகொண்டிருக்கிறது.
நாலு மணிக்கு அதைத் தோண்டியெடுக்க
நான்தான் வண்டி எடுத்துப் போக வேண்டும்.
அதுவரை
இந்தச் சமையலறை மேசைதான் மைதானம்.

எதிரே ரெய்னோ.
வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவன்,
என் காபியை என்னைவிட அதிகம் குடிப்பவன்.
நடுவில் அட்டைகள், ஆளுக்கு ஒன்பது பேர்.
எவனுக்கும் முழங்கால் வலி கிடையாது, வியர்வை கிடையாது.
ஒவ்வொருவனும் நாலைந்து எண்கள்,
மூலையில் ஒரு காபிக் கறை.

பட்ஸ் என் இரண்டாம் பேஸில் நிற்கிறான்.
நிற்கிறான் என்றால்
ஒரு சிவப்புச் சட்டைப் பொத்தான் கிடக்கிறது.
இரண்டு அவுட்.
பகடை சொல்லிவிட்டது: வலப்பக்கம் ஒரு சிங்கிள்.
மூன்றாம் பேஸ் அவனுக்கு இலவசம்.
அதற்கு அப்பால் வீடு.

"அனுப்புகிறாயா, நிறுத்துகிறாயா?"
கேட்டுக்கொண்டே நோட்டில்
'நிறுத்தினான்' என்று எழுத ஆரம்பித்துவிட்டான்.
பதினொரு குளிர்காலமாக என்னோடு ஆடுகிறவன்.

பட்ஸின் ஓட்டம் பதினொன்று.
இரண்டு அவுட் என்றால்
மட்டை பட்ட சத்தத்திலேயே கிளம்பியிருப்பான்,
இரண்டு கூட்டு.
வலப்பக்கத்துக்காரனுக்குத் துப்பாக்கிக் கை,
மூன்று கழி.
மிச்சம் பத்து.
இருபது முகப் பகடையில் பத்துக்குள் விழுந்தால் பிழைத்தான்.

பாதிக்குப் பாதி.
பாதிக்குப் பாதியென்றால் நான் நிற்கிற ஆள்.

ஆனால் அடுத்து ஆட வருகிறவன் ஹால்வர்சன்.
அவன் அட்டையைப் புரட்டினேன்.
நூற்றுக்குப் பத்தொன்பது.
இரண்டு எண்களையும் இத்தனை வருஷத்தில்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.
நிறுத்துவதை ஜாக்கிரதை என்று நினைத்திருந்தேன்.
அதுவும் பந்தயம்தான்,
ஹால்வர்சன் தலையில் கட்டிய பந்தயம்.

ஃபார்கோவில் வேலை கிடைத்து மாரிட் கிளம்பியபோது
"பனி முடியட்டும், பார்க்கலாம்" என்றேனே.
அன்றைக்கு யார் தலையில் கட்டினேன்?

"அனுப்புகிறேன்."

பென்சில் நின்றது.
ரெய்னோ தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.
அவன் தலை வழுக்கையாகிவிட்டது எனக்குத் தெரியாது.
எறியாமல் விட அவனுக்கு உரிமை உண்டு.
"எறிகிறேன்" என்றான்.

பகடையை உருட்டினேன். கை நடுங்கியதோ என்னவோ,
சர்க்கரை டப்பாவில் மோதி, விளிம்பில் தடுமாறி,
தரையில் குதித்து
குளிர்பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

இரண்டு பேரும் வயிறு தரையில் பட,
டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தோம்.
தூசி. ஒரு இருமல் மிட்டாய்.
மாரிட்டின் தலைக்குத்தி ஊசி ஒன்று.
அதற்குப் பக்கத்தில்
நான்கு.

"நான்கு" என்றேன்.
"நான்கு" என்றான் ரெய்னோவும்.
பிறகு ஒன்றும் பேசாமல்
பெட்டி மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்:
மேசையை விட்டு விழுந்தால் செல்லாது.
முதல் குளிர்காலத்தில் எழுதியது.
என் கையெழுத்து.

மறுபடி உருட்டினேன்.
பதினேழு.

பட்ஸ் வீட்டு வாசலில் அவுட்.
ஒன்பதாம் இன்னிங்ஸ் சட்டென்று முடிந்தது.
ரெய்னோ சிரிக்கவில்லை.
தொப்பியைப் போட்டுக்கொண்டு,
பூட்ஸ் கயிற்றை வெகுநேரம் கட்டி,
"நல்ல முடிவுதான்" என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

நோட்டைப் பிறகுதான் பார்த்தேன்.
பட்ஸின் கட்டத்தில் அழித்த தடம்,
அதன்மேல் 'அவுட்' என்று.
ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
எறும்பளவு ஒரு 4.

மணி மூன்றே முக்கால்.
வண்டியைக் கிளப்பினேன். தகடு இறங்கித் தார் உரசியது.
மஞ்சள் விளக்கு மட்டும் சிமிட்டும் தெருக்களில்
ஏரிப்பக்கம் பனியைத் தள்ளிக்கொண்டே யோசித்தேன்:
வியாழக்கிழமை
ஹால்வர்சனை வரிசையில் கீழே இறக்க வேண்டும்.